தை பிறந்தது, பாயசம் உறைந்தது

பாயசம் என்றால் ஓட வேண்டும். இலையில் ஊற்றிய மறுவிநாடி அது அப்பளத்தை நனைத்து, ஊறுகாயைத் தொட்டு, பக்கத்து இலைக்காரர் மடியை நோக்கிக் கிளம்ப வேண்டும். அதைச் சோற்றால் அணை கட்டி மறித்து, விரலால் வழித்து, முழங்கை வரை போனதையும் விடாமல் சாப்பிடுவதுதான் நம் பந்தி வழக்கம். காலங்காலமாக வந்த அந்த வழக்கத்தை, ஜொகூரில், தெப்ராவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஒரு பொங்கல் நாளில் நான் உடைத்தேன். என் பாயசம் ஓடவில்லை. நின்றது. நின்றது மட்டுமா, கரண்டியையும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் வேலை. (ஆஸ்பத்திரி என்பது நான் கொடுக்கும் மரியாதை. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகை, சில கட்டில்கள், பெரிய ஜாடி நிறைய மலேரியாவுக்கான கொய்னா, அவ்வளவுதான்.) டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பூரான் கடிக்கும் நான்தான் கடவுள். அந்த வயதில் அந்தப் பதவி கிடைத்தால் தலை எப்படி நேராக நிற்கும்? ஸ்டெதஸ்கோப் இல்லாத குறைக்கு ஒரு துண்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

இந்த லட்சணத்தில் இருந்தவனை ஜொகூர் பாருவுக்கு அழைத்து, தோட்டத்து டிரஸர்களுக்கு என்று நடந்த வகுப்பில் உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு பெரிய டாக்டர், மேசைமேல் காய்ந்த கடல்பாசியைப் பரப்பி வைத்துக்கொண்டு பேசினார். மலாய்க்காரர்கள் அகார்-அகார் என்று சொல்லி இனிப்புச் செய்கிறார்களே, அதே சாமான்தான். கடற்பாசி வகைகளில் அயோடின் இருக்கிறது, தொண்டைக் கழலை வராமல் காக்கும் என்றார். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து என்று அடுக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அகார்-அகார் குடலுக்குள் போய்த் தண்ணீரை உறிஞ்சி உப்பும், நகர மறுக்கும் சரக்கையெல்லாம் நயமாகத் தள்ளிக்கொண்டு வரும் என்றார். கடைசியாக, ஒரு ஆள் எவ்வளவு சாப்பிடலாம் என்பதையும் சொன்னார். அந்த இடத்தில் நான் கமலத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கமலம் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியாரின் மகள். கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா. பெரிய கிராணி என்றால் துரைக்கு அடுத்த துரை. அவருக்குத் தீராத மலச்சிக்கல். அவர் வயிறு இறுகிய அன்று தோட்டமே இறுகும். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தவனுக்கும் அன்று அரைப்பேர்தான், அதாவது பாதிநாள் வேலைதான் கணக்கில் ஏறும். இஞ்சி தின்ற குரங்கு முகம் என்பார்கள். அவரைப் பார்த்த பிறகு எனக்குக் குரங்கின் மேல்தான் இரக்கம் வந்தது.

அப்பாவுக்கு மருந்து வாங்கக் கமலம்தான் வருவாள். துணைக்கு வரும் அத்தை வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். உள்ளே எங்கள் காதல் வளரும். அது வளர்ந்த விதம் இது:

"அப்பாவுக்கு இன்னும் ஆகலைங்க."

"எத்தனை நாளா?"

"நாலு நாளா."

"விளக்கெண்ணெய் குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க. அதுவும் உள்ளயே இருக்குங்க."

வேறு ஊர்களில் நிலவைப் பற்றியும் மல்லிகையைப் பற்றியும் பேசிக் காதலித்திருப்பார்கள். எங்களுக்கு வாய்த்தது இது. பேதி உப்புப் பொட்டலத்தை அவள் கையில் கொடுக்கும்போது விரல் பட்டால், அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

ஜொகூர் பாருவிலிருந்து திரும்பியதும் நான் கடல்பாசிப் பிரசங்கி ஆகிவிட்டேன். காய்ச்சலா, கடல்பாசி. தலைவலியா, கடல்பாசி. மரத்திலிருந்து விழுந்து கை பிசகியவனிடமும் இரும்புச் சத்தைப் பற்றி விளக்கினேன். (அவன் வலியில் கத்தியதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.) அந்தத் தைரியத்தில் பெரிய கிராணியாரிடமே போய்ச் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, குளத்துப் படியில வழுக்கி விழறமே, அந்தப் பாசிதானே? அதோட அண்ணன் கடல்ல கிடக்கான். அவனை எடுத்து என்னைத் திங்கச் சொல்றியா?"

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? எனக்காகப் பெண் கேட்கப் பெரியவர்கள் யாரும் இக்கரையில் இல்லை. அதனால் அதே மூச்சில் கமலத்தையும் நானே கேட்டுவிட்டேன். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"தை பிறந்தா வழி பிறக்கும்" என்றார் கடைசியில். பெண் கொடுக்க மனமில்லாதவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் சொல்கிற பதில் அது. பிறகு என்ன தோன்றியதோ, "பொங்கலன்னைக்குக் கோயில்ல சாப்பாடு. துரை வர்றாரு. பாயசம் உன் பொறுப்பு. பந்தியில ஒரு குறை வராம நடத்திக் காட்டு. அப்புறம் பேசலாம்" என்றார்.

அடுத்த முறை மருந்துக்கு வந்த கமலம், அத்தை காதில் விழாமல் இன்னொன்றும் சொன்னாள். "சிங்கப்பூர்லேருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டுல கேட்டிருக்காங்க. பொங்கல் கழிச்சுப் பதில் சொல்றேன்னு அப்பா சொல்லிட்டாங்க. பாயசத்தைப் பார்த்துச் செய்யுங்க."

ஆக, என் கல்யாணம் ஒரு அண்டாப் பாயசத்தில் மிதந்தது. புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? சேமியாவோ ஜவ்வரிசியோ போட்டு, நாலு முந்திரியை மிதக்கவிட்டு, பெண்ணைக் கட்டிக்கொண்டு போயிருப்பான். நான் கடல்பாசியில் பாயசம் வைப்பது என்று முடிவு செய்தேன். ஒரே கரண்டியில் தோட்டத்துக்கு ஆரோக்கியம், மாமனாருக்கு விமோசனம், எனக்குக் கமலம்!

'கடல்' என்ற சொல்தான் இடைஞ்சல். சொன்னால் மீன் வாடை ஞாபகம் வரும், கோயில் சாப்பாட்டில் கவுச்சியா என்பார்கள். ஆகவே கடலை வெட்டி எறிந்துவிட்டுப் பாசியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"என்ன பாயசம் தம்பி?" என்றார் கிராணியார்.

"பாசிப் பாயசங்க."

"பாசியா! பேஷ். சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு. தேங்காப்பால் தாராளமா ஊத்து."

அவர் நினைத்தது பாசிப்பருப்பு. நான் திருத்தவில்லை. சாப்பிட்டு மயங்கட்டும், பிறகு ரகசியத்தை உடைக்கலாம் என்று இருந்தேன். அந்தச் சாமர்த்தியம் அடுத்த வாரமே என் காலை வாரியது. கோயில் சமையலுக்கு வரும் முத்தையா அண்ணனிடமும் அதே ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டு, "அண்ணே, ஒரு அண்டாப் பாயசத்துக்குப் பாசி எவ்வளவு போடணும்?" என்று கேட்டேன்.

"அஞ்சு கட்டி போடு தம்பி. நல்லா கெட்டியா இருக்கும்" என்றார் அவர்.

கட்டி என்பது இங்கே கடை நிறுவை. ஒரு ராத்தலுக்குக் கொஞ்சம் மேலே வரும். பருப்புக்கு அவர் சொன்ன கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நான் அதை அப்படியே சீனர் கடைக்குக் கொண்டுபோனேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, மணிச்சட்டத்திலிருந்து கையை எடுத்தார்.

"அலமாக்! லீமா கட்டி அகார்-அகார்? பாஞ்யாக் லா!" அஞ்சு கட்டியா, ரொம்ப அதிகம் என்கிறார்.

"எங்க சாமிக்குப் பெரிய வயிறு" என்றேன் மலாயில்.

காய்ந்த கடல்பாசிக்கு எடை கிடையாது. அஞ்சு கட்டி என்பது மூட்டை மூட்டையாக வந்தது. பஸ்ஸில் ஏற்றியபோது, தலையணை வியாபாரமா என்று கேட்டார் கண்டக்டர். சத்து வியாபாரம் என்றேன். அவர் எனக்கு அருகில் யாரையும் உட்கார வைக்கவில்லை.

பொங்கலன்று பொழுது விடிந்தபோது நல்ல மழை. ஊறப் போட்டிருந்த பாசி எல்லா வாளியிலும் பொங்கி வழிந்து, நரைத்த கூந்தல்போல் தரையில் புரண்டது. முத்தையா அண்ணன் முன்பக்கம் சோற்றோடும் சாம்பாரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், கோயிலுக்குப் பின்னால் தனி அடுப்பில் நானே அண்டாவை ஏற்றினேன். பாசி கரைந்தது. தென்னஞ்சர்க்கரை, தேங்காய்ப்பால், ஏலக்காய் எல்லாம் சேர்ந்து கொதித்தபோது வந்த வாசனையில், எனக்கே என்னைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முத்தையா அண்ணன் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"பருப்பு கண்ணுக்கே தெரியலையே! நல்லா குழைஞ்சிருச்சா?"

"குழைஞ்சிருச்சுண்ணே."

சூட்டில் அது ஓடத்தான் செய்தது. என்ன அழகாக ஓடியது! அண்டாவை இறக்கி, உள்ளே கரண்டியைப் போட்டு, வாழை இலையால் மூடிவிட்டு, குளித்து விபூதி பூசி வந்தேன். பூசை முடிந்தது. துரை வரவில்லை. அவருடைய கார் செம்மண் பாதையில் புதைந்துவிட்டது என்று சேதி வந்தது. மழை நிற்கவில்லை, குளிர்காற்று நிற்கவில்லை, துரைக்காக நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். பாயசம் காத்திருக்கவில்லை.

ஒருவழியாகத் துரை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு மட்டும் மேசைமேல் இலை. பக்கத்தில் பெரிய கிராணியார். எதிரே ஆண்கள் பந்தி, தள்ளிப் பெண்கள் பந்தி. சோறு முடிந்தது. "பாயசம் கொண்டா!" என்றார் கிராணியார், பெருமையோடு. நானும் முத்தையா அண்ணனும் அண்டாவைத் தூக்கிவந்து பந்திக்கு நடுவில் வைத்தோம். வாளியை நீட்டினார் அண்ணன். இலையை நீக்கிக் கரண்டியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். அண்டா கூட வந்தது.

"என்ன தம்பி, கரண்டியை அண்டாவோட ஈயம் வெச்சு ஒட்டிட்டியா?" என்றார் அண்ணன். குனிந்து பார்த்தார். விரலால் அமுக்கினார். விரல் உள்ளே போகாமல் திரும்பி வந்தது.

"தம்பி... இது பாசியா?"

"பாசிதாண்ணே. அஞ்சு கட்டி."

"எந்தப் பாசி?"

அதற்குள் பந்தியிலிருந்து பால்மரம் வெட்டுகிறவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். தினமும் மரத்துப்பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, அதை மெஷினில் கொடுத்து ரப்பர் ஷீட் போட்டு, புகையில் உலர்த்துகிற ஜனங்கள். அவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

"டிரஸரு பாயசத்துல ஆசிட்டை ஊத்திட்டாருடோய்!"

"மெஷின்ல குடுங்கப்பா, நல்ல ஷீட்டு விழும்!"

"புகைக்கூண்டுல தொங்கவிட்டு லண்டனுக்கு அனுப்பலாம்!"

பெரிய கிராணியார் எழுந்து வந்தார். மலச்சிக்கல் முகத்துக்கு மேல் இன்னொரு முகம் ஏறியிருந்தது. "பருப்பு எங்கடா?" இத்தனை நாள் தம்பி, இன்று டா.

"பருப்பு இல்லைங்க... கடல்பாசிங்க."

"சாமி சந்நிதியில கவுச்சியா!"

"கவுச்சி இல்லைங்க. கடல்லேருந்துதான் உப்பும் வருது. சாம்பார்ல போட்டுதானே சாப்பிட்டோம்?" என்றேன். நியாயமான கேள்விதான். ஆனால் நியாயம் பேசுகிற நேரமா அது? அவர் கை கரண்டியை நோக்கிப் போனது. நல்லவேளை, அதைத்தான் யாராலும் பிடுங்க முடியாதே.

நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சிங்கப்பூர்க்காரன் கல்யாணச் சட்டைக்குப் பொத்தான் போடுவது கண்முன் தெரிந்தது.

அப்போதுதான் கமலம், அத்தையிடம் சொல்வதுபோல், கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "ஏன் அத்தை, ஊத்த முடியலைன்னா கவுத்து வெட்டிக் குடுக்கலாம்ல?"

முத்தையா அண்ணனுக்கு அது போதும். பலகைமேல் வாழை இலை பரப்பினார்கள். கரண்டியைச் சுற்றிக் கத்தியை விட்டு அதை விடுவித்தார்கள். ஆறு பேர் பிடித்து அண்டாவைக் கவிழ்த்தார்கள். ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொப்பென்று ஒரு சத்தம். அண்டாவைத் தூக்கினால், அண்டா அளவுக்கே பாயசம் உட்கார்ந்திருந்தது. பழுப்பு மேலே, தேங்காய்ப்பால் வெள்ளை கீழே. கண்ணாடிபோல் பளபளத்துக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு நின்றது. நானும் அப்படித்தான் நின்றேன், பளபளப்பு மட்டும் இல்லை.

துரை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "புடிங்! கிராணி, இது புடிங்!" அவர்கள் ஊரில் வெட்டிச் சாப்பிடுகிற இனிப்புக்கு அப்படிப் பெயர்.

அவர் கஷ்டம் அவருக்கு. வருஷா வருஷம் பொங்கலுக்கு வந்து, ஓடுகிற பாயசத்தைத் துரத்தி, வெள்ளைக் கால்சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டு போகிறவர் அவர். இந்த வருஷம்தான் பாயசம் அவர் சொன்னபடி நின்றிருக்கிறது. இலை அறுக்க வைத்திருந்த பாராங் கத்தியைக் கழுவி ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தோம். கையில் எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார்.

"ரொம்ப நல்லா இருக்கு! கிராணி, நீ சாப்பிடு!"

துரை சொன்னால் தட்ட முடியுமா? கிராணியார் ஒரு துண்டை வாங்கி, என்னையே பார்த்துக்கொண்டு கடித்தார். பாயசத்தில் பல் பட்டது, வலி எனக்கு. "கிராணிக்கு இன்னும் வெட்டு!" என்றார் துரை. இரண்டாவது துண்டு. "வெட்டு, வெட்டு!" மூன்றாவது. அதற்குப் பிறகு ஒன்றை அவரே கை நீட்டி வாங்கினார். அதை நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

பந்தியில் ஒரே கொண்டாட்டம். பாயசத்தைக் கடித்துச் சாப்பிடுகிற அதிசயம் யாருக்குக் கிடைக்கும்? வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்கு இலையில் மடித்து எடுத்துப்போனார்கள். ஒரு பொம்பளை மூன்று துண்டைத் துணியில் முடிந்து தலையில் வைத்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டேன். சொட்டு ஒழுகவில்லை. ஆனால் கிராணியார் கிளம்பும்போது என் பக்கம் திரும்பவில்லை. "காலையில பெரட்டு முடிஞ்சதும் ஆபீசுக்கு வா" என்று மட்டும் காற்றைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு மணி அடித்தது. மைதானத்தில் நான் ஒருவன்தான் நின்றேன். (நடுக்கத்தில் பாயசம் சாப்பிட மறந்தவன் நான் ஒருவன்தான்.) தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் வேறொரு இடத்தில் வரிசையில் நின்றார்கள். சிலர் செம்பும் கையுமாக வரிசையை மதிக்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். பங்களாவிலிருந்து துரையும் இறங்கி வரவில்லை. எல்லாவற்றையும்விட மோசம், பெரட்டுக்கு ஒருநாளும் தவறாத பெரிய கிராணியாரைக் காணவில்லை.

தீர்த்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரே அண்டாவில் ஒரு தோட்டத்தையே தீர்த்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஈரத்தில் காலடிச் சத்தம். கமலம் மூச்சிரைக்க வந்து நின்றாள். முதல் தடவையாக, கூட அத்தை இல்லை.

"அப்பா..." என்றாள்.

"ஐயோ, அப்பாவுக்கு என்ன?"

"அப்பாவுக்கு..." அவள் முகம் மலர்ந்தது. "ஆயிடுச்சுங்க!"

என் வாழ்க்கையில் அதைவிட இனிய சொல்லை நான் கேட்டதில்லை. சிரித்தேன், அழுதேன், கட்டிய பெட்டியை அவிழ்த்தேன்.

கிராணியார் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பத்து வயது குறைந்திருந்தது. அவருக்குப் பற்கள் இருப்பதையே அன்றுதான் பார்த்தேன்.

"சொன்னேன்ல தம்பி," என்றார், வயிற்றைத் தட்டிக்கொண்டு, "தை பிறந்தா வழி பிறக்கும்னு. பிறந்துடுச்சு!"

நான் தலையைச் சொறிந்தேன். "ஐயா, அந்தச் சிங்கப்பூர் மாப்பிள்ளை..."

"அவன் கிடக்கிறான் விடு. அவனால இது முடியுமா?" சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "அதுல மிச்சம் ஏதாச்சும் இருக்கா?"

அந்த மாசம் டாக்டர் வந்தபோது அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆளுக்கு ஒரு சிட்டிகை, கூடவே நிறையத் தண்ணீர், அவ்வளவுதானாம். நான் போட்ட அளவைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். மாமனார் அதற்குப் பிறகு தினமும் சின்னத் துண்டு ஒன்று சாப்பிட்டு, யாருக்கும் அரைப்பேர் போடாமல், வெகுகாலம் சிரித்த முகமாக இருந்தார்.

எங்கள் கல்யாணப் பந்தியில் பாயசத்தை வெட்டித்தான் போட்டோம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் பாயசம் எத்தனை கரண்டி என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை துண்டு என்றுதான் கேட்பார்கள். அதைவிட நிலைத்துப்போனது கமலம் சொன்ன அந்த ஒரு சொல். மூத்தவன் பரீட்சையில் தேறியபோது சிங்கப்பூரிலிருந்து அடித்த தந்தியில் இருந்தது அது மட்டும்தான். வீடு கட்டி முடித்தபோது, இளையவளுக்கு வரன் அமைந்தபோது, எல்லாவற்றுக்கும் அதே சொல். போன மாசம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மருமகன் ஓடிவந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "ஆயிடுச்சு மாமா!" என்று கத்தினான். மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, என்னைப் பரிதாபமாகப் பார்த்து வழிவிட்டார்கள். கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை எனக்குத் தெரியும், அவள் சிரிக்கத்தான் செய்தாள்.